ஆமைக்கு உதடு கிடையாது

ஆமாங்ணா, ஆமைதான். சோற்றுப் பைக்குள் துண்டு சுற்றி வைத்தால் இட்லிதான் இருக்க வேண்டுமா? உங்க மடியில் ஆடு இருக்கிறது, நான் ஏதாவது கேட்டேனா? சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. நல்லாவே எட்டிப் பாருங்க. முன்பெல்லாம் இப்படி ஒரு நிழல் விழுந்தால் போதும், தலை, கை, கால் எல்லாம் ஓட்டுக்குள் போய்விடும். இப்போது தொட்டால்கூட இழுத்துக்கொள்வதில்லை. தலை அது பாட்டுக்குத் தொங்குகிறது. பெயர் ஜட்ஜய்யா.

உள்ளே இருக்கிறாரே டாக்டர் ஜெபசிங், அவர் இப்போதுதான் என்னை வெளியே துரத்தினார். நீங்க வரும்போது கதவு படார் என்று சாத்தியதே, அது காற்றில்லை, டாக்டர். அவர் நாகர்கோவில்காரர். என்ன சொல்லித் துரத்தினார் என்று கேளுங்க. கண்ணை மூடிக் கேட்டால் அவரே பேசுகிற மாதிரி இருக்கும்.

“லே, வெளிய போயி உக்காரு. வாயப் பொத்திக்கிட்டு அதுக்க மூக்குகிட்ட காத வச்சுக் கேளு. மூச்சுல ஈரம் இருக்கா, வறட்சியா இருக்கா, அத மட்டும் வந்து சொல்லு. ஈரம்னா இன்னொரு ஊசி போட்டாவணும். வறட்சின்னா அந்த ஊசியே அத கொன்னுரும், தண்ணிதான் ஏத்தணும். கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு. உனக்க சரக்க ஒண்ணும் சேக்கப்பிடாது, பாத்துக்கோ.”

எப்படி? அச்சு அசலா இருக்கிறதா? உங்க ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது.

டாக்டரே காதை வைத்துக் கேட்க வேண்டியதுதானே என்கிறீர்கள். அதைத்தான் நானும் கேட்டேன். ஓட்டுக்கு மேலே ஸ்டெதஸ்கோப் வைத்தால் சுவரில் வைத்த மாதிரியாம். அவர் காதும் பழசாம், சின்னச் சத்தம் எட்டாதாம். அதோடு, வேற்று ஆள் கை பட்டால் ஜட்ஜய்யா மூச்சை அடக்கிக்கொள்வார். என் கையில் இருந்தால் மட்டும் விடுவார். பழக்கம். அதனால் வீட்டில் இவர் எப்படி மூச்சு விடுகிறாரோ அதை நான் வந்து பண்ணிக் காட்ட வேண்டும், அதைக் கேட்டு அவர் ஊசி போடுவார். இதுதான் இந்த ஆஸ்பத்திரியின் வைத்திய முறை. எக்ஸ்ரே மிஷினும் நான், ரிப்போர்ட்டும் நான். கடைசியில் வசவும் எனக்கு!

கேட்கிறேன், கேட்கிறேன். கேட்கத்தானே உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் நியாயம் யார் பக்கம் என்று நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வெளியூர் ஆள் மாதிரி இருக்கீங்க, ஓரவஞ்சனை இருக்காது.

எங்கப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறார். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே போட்டோவைப் போடுகிற கடை. அங்கே பிரிண்டிங் மிஷினுக்காக எந்நேரமும் ஏசி ஓடும். மனுஷனுக்கு ஏசி போட்டால் திட்டுவார், மிஷினுக்குப் போட்டால் திட்ட மாட்டார். அந்த ஏசிக்கு நேர் கீழே கண்ணாடித் தொட்டி. வாடிக்கையாளர் பார்த்தால் கடை பெரிய கடை மாதிரி தெரியும் என்று தொட்டியை அங்கே வைத்தது நான்தான். தொட்டிக்குள் ஜட்ஜய்யா. கண்ணுக்குப் பின்னால் குங்குமத்தை இழுவிய மாதிரி சிவப்புக் கோடு இருக்கிறது பாருங்க, அந்த ஜாதி. தண்ணீரில் கிடப்பார், அலுத்துப்போனால் கல் மேல் ஏறி உட்காருவார்.

எனக்கு எந்தக் குரலும் வரும். எங்கள் ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில், “மாணவச் செல்வங்களே, இன்று மதியம் வகுப்புகள் கிடையாது” என்று அறிவித்தது நான்தான். பள்ளிக்கூடமே காலி. வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஹெட்மாஸ்டர் உள்ளே. அவரும் கொஞ்ச நேரம் நாம்தான் சொன்னோமோ என்று யோசித்திருக்கிறார்! ஊரில் எல்லோரும் என் மிமிக்ரிக்குச் சிரித்திருக்கிறார்கள், தொட்டியில் இருக்கிற இவர் ஒருவரைத் தவிர. இவர் முன்னால்தான் எல்லாக் குரலையும் ஒத்திகை பார்ப்பேன். கல் மேல் உட்கார்ந்து கழுத்தை நீட்டி ஒரு பார்வை பார்ப்பார். மனு தள்ளுபடி. அதனால்தான் ஜட்ஜய்யா.

எனக்கு வராத ஒரே குரல் இவருடையது. ஏனென்றால் இவருக்குக் குரலே கிடையாது. எத்தனை நாள் கடுப்பாக இருந்திருக்கும் சொல்லுங்க.

அப்புறம் மழை மாதத்தில் ஒருநாள், கடையில் யாரும் இல்லாத நேரம், தொட்டியிலிருந்து ஒரு சத்தம். கதவு இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி. கடைசியில் ஒரு குமிழி உடைகிற மாதிரி. நான் திரும்பிப் பார்க்கிறேன், இவர் வாயைத் திறந்து மறுபடியும் அதே சத்தம். ஜட்ஜய்யா பேசிவிட்டார்! என்னோடு இருந்து இருந்து வாய் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சிரிக்காதீங்க. நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

அன்றைக்கே அந்தக் குரலைப் பிடித்துவிட்டேன். டியூஷனில் போட்டேன். பெஞ்சு தட்டி ஒரே ரகளை. ஸ்கூல் ஆண்டு விழாவில் போட்டேன், ‘ஜட்ஜய்யா தீர்ப்பு வாசிக்கிறார்’ என்று. கறுப்பு அங்கிக்குப் பதிலாக அம்மாவின் நைட்டி. கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு விழுந்தார். வீடியோ எடுத்துப் போட்டேன். எங்கிருந்தோ ஒருத்தி, “ப்ரோ, என் தம்பிக்குக் காய்ச்சல், உங்க ஆமையைப் பார்த்துத்தான் சிரிச்சான்” என்று எழுதியிருந்தாள். அந்த மாதிரி ஒரு நல்ல காலம் எனக்கு வந்ததே கிடையாது.

இதற்கு நடுவில் எங்கம்மா. இது அம்மா குரல்: “ஏண்டா கண்ணு, அது மூக்குல நொரை நொரையா வருதுடா. சளி புடிச்சாப்ல இருக்குது. எங்காச்சும் டாக்டருகிட்டக் கொண்டு போடா.” எங்கம்மாவுக்கு யாரைப் பார்த்தாலும் சளி. டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கே சளி என்று சொல்லிக் கஷாயம் வைக்கிற ஆள். நான் எதற்கு நம்ப வேண்டும்?

பிறகு இவர் தண்ணீரில் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதக்க ஆரம்பித்தார். கவிழப்போகிற பரிசல் மாதிரி. நெஞ்சில் ஒரு பக்கம் சளி கட்டினால் அப்படித்தான் மிதக்குமாம். எனக்கு யார் சொன்னார்கள்? ‘ஜட்ஜய்யா ஒருதலைப்பட்சம்’ என்று தலைப்புப் போட்டு அதையும் வீடியோவாக விட்டேன். அதுதான் ரொம்ப ஓடியது.

தீனி தின்பதை நிறுத்திய அன்றைக்குத்தான் எனக்குப் பக்கென்றது. அதிலிருந்து பாருங்க நான் பட்ட பாட்டை. இவரை விற்ற கடைக்காரர் மெட்ராஸ்காரர். போன் போட்டேன். “இன்னா தம்பி, இதுக்குப் போயி பீல் பண்றே? நீல மருந்து ரெண்டு சொட்டு தண்ணில வுடு. மீனுக்கும் அதான், ஆமைக்கும் அதான், ஓனருக்கும் அதான்.” விட்டேன். ஜட்ஜய்யா நீலமானார். சளி போகவில்லை.

நம்ம ஊர் மாட்டு டாக்டரிடம் ஓடினேன். ஸ்கூட்டரிலிருந்து இறங்கவே இல்லை அவர். “ஆமையா? எதுக்குங்க தம்பி வம்பு? கொண்டு போயி அமராவதி ஆத்துல உட்டுட்டு வந்துருங்க. புண்ணியமாப் போகும்.” தண்ணீரில் நேராக மிதக்க முடியாத ஆமையை ஆற்றில் விட்டால் யாருக்குப் புண்ணியம்? முதலைக்கா? கோயமுத்தூரில் ஒரு பெரிய கிளினிக். குளிர்பானம் ஊற்றுகிற மாதிரி ஒரு பெண் குரல்: “சாரி சார், நாங்க டாக்ஸ் அண்ட் கேட்ஸ் மட்டும்தான் பார்க்கிறோம். வெயிட்டிங்ல இருங்க, உங்க நாயோட பேர் சொல்லுங்க சார்?”

கடைசியில் அம்மாதான் ஜெபசிங் பெயரைச் சொன்னார். வேலையில் இருந்த காலத்தில் ஏதோ மிருகக்காட்சிசாலையில் முதலை, ஆமை, உடும்பு எல்லாவற்றுக்கும் ஊசி போட்டவராம். ரிடையர் ஆகி, பெண் வீட்டோடு இங்கே வந்து, முன் ரூமில் ஆடு மாடு பார்க்கிறார். வேறு ஆளே இல்லையா என்று அம்மாவிடம் கேட்டேன். ஏனென்றால் அவரிடம் நான் ஏற்கெனவே பேசியிருக்கிறேன். நானாக இல்லை. ஒருமுறை தோட்டத்து அம்மாள் குரலில், “ஏனுங் டாக்டரே, எங்க எருமைக்கு விக்கலுங்க, தண்ணி குடுத்தும் நிக்கிலீங்க.” ஒருமுறை கவுன்சிலர் குரலில், மயில் தோகை விரிக்க மாட்டேன் என்கிறது, உடனே வாருங்கள் என்று. மனுஷன் கொளுத்துகிற வெயிலில் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போயே விட்டார். நாங்கள் டீக்கடையில் இருந்து பார்த்தோம். கவுன்சிலர் வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். அருமையான நாள்!

பண்ணியது நான் என்று தெரிந்ததும் டாக்டருக்கு அதில் கோபம். விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன் எதற்கு ஊருக்கு நடுவில் கிளினிக் வைக்க வேண்டும்?

சொந்தக் குரலில் போன் பண்ணினேன். என் வாழ்க்கையிலேயே ரொம்பக் கஷ்டமான வேலை அதுதான். “டாக்டர், என் ஆமைக்கு மூக்கில் சளி.”

“ஆமைக்கா? எருமைக்கு விக்கல் நின்னுட்டாலே?”

வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். “சவத்துப் பயலே, போலீஸுக்குச் சொல்லுவேன்.” வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள், ஹலோ கிலோ எதுவும் சொல்லாமல், ஜட்ஜய்யாவின் சத்தத்தை அப்படியே போனுக்குள் போட்டேன். கதவு இடுக்குக் காற்று, கடைசியில் குமிழி. அந்தப் பக்கம் மெதுவாக, வேறு யாரோ பேசுகிற மாதிரி, “லே மக்கா, அத இன்னொரு தடவ பண்ணு” என்றார். பண்ணினேன். “இது எங்க கேட்ட? இது நிமோனியாலே. இத நீயா உண்டாக்க முடியாது. கொண்டு வா, இப்பமே கொண்டு வா.”

பார்த்தீர்களா? எந்த வாயைத் திட்டினாரோ அந்த வாயை வைத்துத்தான் நோயையே கண்டுபிடித்தார். அதற்கு ஒரு நன்றி சொன்னாரா? “ஏசிக்குக் கீழ வச்சிருக்கியே, உனக்கு மூள உண்டாலே?” என்றுதான் ஆரம்பித்தார். வீடியோ இருக்கிறது என்று காட்டினேன். அதில் ஜட்ஜய்யா சத்தம் கேட்கவில்லை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நான்தான் பேசியிருக்கிறேன். “இதுல ஆமைய எங்கடே?” என்று போனைத் திருப்பித் தந்துவிட்டார். புதிதாக எடுத்துப் பார்த்தோம். போனுக்கு ஃபேன் சத்தம்தான் பிடிக்கிறது. அப்படித்தான் நான் வந்து பண்ணிக் காட்டுவது என்று ஆனது.

முதலில் எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. தொட்டியைக் கடையிலிருந்து வீட்டுக்கு மாற்றி, மேலே குண்டு பல்பு கட்டி, பகலில் வெயில் காட்டினேன். ஊசி போட்டார். காதை வைத்துக் கேட்பேன், வந்து பண்ணிக் காட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “கொறஞ்சிருக்கு. நல்ல காதுலே உனக்கு” என்று ஒருநாள் சொன்னார். ஒரே ஒருநாள். ஜட்ஜய்யா ஒரு இறால் துண்டைக்கூடத் தின்றார்.

அதற்கு அடுத்த தடவை வந்தபோது இந்த இடமெல்லாம் கூட்டம். மாட்டுக்கெல்லாம் கோமாரி நோய் பரவிய சமயம். பெஞ்சில், படியில், வாசலில் எல்லாம் ஆட்கள். டாக்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “என்னடே, இன்னைக்கு எப்பிடி இருக்கு மூச்சு?” என்றார். அன்றைக்கு வீட்டில் பெரிதாக ஒரு சத்தமும் இல்லை. லேசாக ஒரு ‘ஹ்ஹ்’. அதைப் போய் இத்தனை பேர் முன்னால் பண்ணினால் என்ன மரியாதை? கொஞ்சம் மெருகு போட்டேன். காற்றை இழுத்து, நடுவில் ஒரு கொளகொளப்பு விட்டு, முடிவில் ஒரு விசில். கூட்டத்தில் இருந்த ஒரு பால்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வாசலில் நின்றவர்கள் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். போட்டேன்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் செத்துப்போயிற்று. “கூடிப்போச்சே. உள்ள எறங்கியாச்சு” என்றார். அலமாரியைத் திறந்து வேறு மருந்து எடுத்தார். “இது கடுமையான மருந்து மக்கா. கிட்னிக்கு ஆவாது. வேற வழியில்ல.” ஊசியில் ஏற்றினார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கொஞ்சம் குறைத்தார், மறுபடி பார்த்தார். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்கிற மாதிரி பார்க்காதீங்க. எல்லோரும் அப்போதுதான் கை தட்டி முடித்திருந்தார்கள். அந்த நேரத்தில் போய் எதைச் சொல்வது? டாக்டர் அவரா, நானா? எது நிஜச் சத்தம், எது மெருகு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமலா அத்தனை வருஷம் முதலைக்கு ஊசி போட்டார்? ஒரு கலைஞனை நம்பி மருந்து கொடுத்தது யார் தப்பு?

அதிலிருந்து ஒரு ஊசி, இன்னொரு ஊசி. நேற்றிலிருந்து இப்படி. கண்ணைத் திறக்கவில்லை. காலைப் பிடித்து இழுத்தால் நம் பக்கம் வருகிறது. இவர் உதைக்கிற உதை எனக்குத் தெரியும், விரலில் நகத்தழும்பு பாருங்க, இவர் போட்டதுதான். இன்றைக்கு உள்ளே கொண்டு போனேன். டாக்டர் தொட்டுப் பார்த்தார். “சத்தத்தப் பண்ணு” என்றார். பண்ணினேன். பதற்றத்தில் விசிலும் சேர்ந்து வந்துவிட்டது.

கையைக் காட்டி நிறுத்தினார். ஜட்ஜய்யாவின் தலையை விரலில் ஏந்தி என் முகத்துக்கு நேரே காட்டினார்.

“லே, இந்தக் கடைசி விசிலு எங்கருந்து வந்துது?”

“இவருதான் டாக்டர்.”

“விசிலடிக்க உதடு வேணும். ஆமைக்கு உதடு உண்டாலே? கிளிமூக்கு மாதிரி இருக்கு பாரு. இதுக்கு உதடு எங்க இருக்கு, காட்டு.”

நான் பார்த்தேன். இத்தனை நாள் இவர் முகத்துக்கு நேரே கத்தியிருக்கிறேன், உதடு இல்லை என்பதைக் கவனித்ததில்லை. நீங்க கவனிப்பீர்களா? உங்க ஆட்டுக்கு மேல்வாயில் முன்பல் உண்டா, இல்லையா? சொல்லுங்க பார்ப்போம். பார்த்தீர்களா, யோசிக்கிறீர்கள்.

“அன்னைக்கும் இந்த விசிலு உண்டா?” என்றார். நான் துண்டைச் சரிசெய்தேன். அப்போதுதான் எழுந்து, பையோடு என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சாத்துவதற்கு முன்னால், “வீட்ல அது எப்படிக் கெடந்துதுன்னு உனக்கு மட்டுந்தான் தெரியும், நான் உன்ன நம்பித்தான மருந்து எடுத்தேன்” என்று மெல்லமாகச் சொன்னார். அந்தக் குரலை மட்டும் என்னால் பண்ண முடியவில்லை. பண்ணிப் பார்த்தேன், வரவில்லை. வசவுக் குரல்தான் வருகிறது.

இப்போ சொல்லுங்க, நியாயம் யார் பக்கம்?

சரி, சொல்ல வேண்டாம். ஆடு வைத்திருப்பவர்களே இப்படித்தான்.

அதோ தெய்வாத்தா அக்கா வருகிறார், கம்பவுண்டர் வேலையெல்லாம் அவர்தான். பாருங்க, முகத்தை எப்படி வைத்துக்கொண்டு வருகிறார் என்று.

“ஏந்தம்பி, கேட்டியா இல்லியா? டாக்டரு ரெண்டு மருந்தையும் தட்டுல எடுத்து வெச்சுட்டு உக்காந்திருக்காரு. நானும் சன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருக்கறேன், உன்ற வாயி ஒரு நிமிசம் மூடுல. அப்பறம் எப்படிக் கேக்கும், சாமி?”

கேட்டாச்சுங்க்கா. இதோ வந்துட்டேன். நீங்க போங்க.

இல்லைங்ணா, கேட்கவில்லை. அக்காவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே. ஈரம் என்று சொல்லிவிடட்டுமா? ஒரு வார்த்தைதானே. இல்லை, வறட்சி என்று சொன்னால்? பாதிக்குப் பாதி. நீங்க ஒன்று சொல்லுங்க, ஈரமா வறட்சியா? உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை.

இருங்க, ஒரு வழி இருக்கிறது. முதல் நாள் ஈரச் சத்தத்தை நான் ஒருமுறை பண்ணிப் பார்த்துக்கொண்டு, இவருடையதோடு ஒப்பிடலாம். கதவு இடுக்கு, காற்று, குமிழி... இல்லை, இதில் விசில் வருகிறது. மறுபடி. காற்று... விசில். விசில் இல்லாமல் எப்படி இருந்தது? நான்தானே கேட்டேன், நான்தானே டாக்டரிடம் போனில் பண்ணினேன். அண்ணா, வரவே மாட்டேன் என்கிறது. என்ன பண்ணினாலும் என்னுடையதுதான் வருகிறது.

துண்டைக் கொஞ்சம் விலக்குங்க. தலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன். கழுத்து இப்படி வெதுவெதுப்பாக இருக்குமா, என் கைச் சூடா? இப்படித் திரும்பி உட்காருகிறேன். ஆட்டைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. பேசாதீங்க.

நான்தான் பேசுகிறேனா?

வருகிறது. வருகிறது அண்ணா! நல்லா, ஈரமா, பெரிசா...

இல்லை. இது நான் விடுகிற மூச்சு.

பிடித்துக்கொள்கிறேன்.